நாலு என்று எழுதப்பட்டவள்

கமலாட்சியின் வீட்டுக்காரர் பெங்களூரில் ஒரு பட்டு ஆலையில் வேலை பார்க்கிறார் என்று பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவுக்கே தெரியும். கமலாட்சிக்கு மட்டும் தெரியாது. தறியில் பாவு போட நூல் வாங்கி வருகிறேன் என்று போன கலியாணசுந்தரம் வருஷக்கணக்காகத் திரும்பவில்லை. கேட்பவர்கள் வாயை அடைக்க அவளாகக் கட்டிவிட்டதுதான் பெங்களூர். பொங்கலுக்குத் தானே ஒரு புடவை வாங்கி, "அவர் அனுப்பினாரு" என்று கட்டிக்கொள்வாள். தெரு பார்த்தான பிறகு யாருக்குக் காட்ட? கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள்.

உண்மையை ஒரே ஓர் ஆளிடம் சொல்லியிருந்தாள். அவர் நெசவாளர் சங்கத்தின் பழைய எழுத்தர் முனிரத்தினம். தறிக்கான தாரில் நூல் சுற்றும் பெண்களைப் பதிந்தபோது, பெயருக்கு நேரே ஒவ்வொருத்தியின் நிலையையும் எண்ணாகக் குறித்தார். கல்யாணமாகாதவள் ஒன்று, விதவை இரண்டு, புருஷனோடு வாழ்பவள் மூன்று. கணவன் இருக்குமிடம் தெரியாதவள் நாலு. அந்த நாலில் இருந்தது கமலாட்சி ஒருத்திதான் என்று, எண்களின் பொருளோடு அவளுக்கும் சொல்லியிருந்தார். முனிரத்தினம் அதை வெளியே சொல்லாமலே கண்ணை மூடினார்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தறிக்குழிகளில் தண்ணீர் ஏறி வேலை நின்றுபோக, தலைக்கு ஒரு படி அரிசி கொடுப்பதென்று சங்கம் முடிவு செய்தது. புது எழுத்தர் குமாரசாமி, நனைந்துபோன பழைய பதிவைப் பார்த்துப் புதிதாக எழுதினான். மகா கெட்டிக்காரன், ஓர் எண்கூடப் பிசகவில்லை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று முதல் பக்கத்தில் இருந்தது மட்டும் மை கரைந்து படிக்க முடியாமல் போனதால் விட்டுவிட்டான். வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்குதான் அது என்று அவனாகவே எடுத்துக்கொண்டான்.

வரிசையில் கமலாட்சிக்கு முன்னால் பெரியநாயகி நின்றிருந்தாள். புருஷனை இழந்தவள், ஐந்து பிள்ளைகள். அவளுக்கு இரண்டு படி விழுந்தது.

"அஞ்சு புள்ளைங்கபா! ரெண்டு படிய வச்சிக்கினு என்னா பண்றது?"

"ரெண்டுன்னுதான் போட்டிருக்குது. நகருமா."

அடுத்து வந்த கமலாட்சியின் பையில் நாலு படி விழுந்தது. ஒண்டிக்கட்டைக்கு நாலு படி! வாசல்வரை வந்தபோதுதான், இது முனிரத்தினம் போட்ட நாலு என்று அவளுக்குப் பொறி தட்டியது. பேசாமல் போனால் பெங்களூர் பிழைக்கும். வாயைத் திறந்தால் தெருவே சிரிக்கும். பெரியநாயகி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள். கமலாட்சிக்குக் கால் எழவில்லை. திரும்பி வந்து பையை மேஜைமேல் வைத்தாள்.

"இது ஆள் கணக்கு இல்லபா. ரெண்டுன்னா விதவை. மூணுன்னா புருசனோட இருக்கறவ."

"அப்போ நாலு?"

பின்னால் அத்தனை பெண்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"புருசன் எங்க இருக்கறாருன்னு தெரியாதவ. அது நான் ஒருத்திதான்."

யாரும் சிரிக்கவில்லை. பெரியநாயகி மட்டும், "அப்போ பெங்களூரு?" என்று மெல்லக் கேட்டாள். கமலாட்சி பையின் வாயை விரித்து அரிசியைத் திரும்பக் கொட்டினாள்.

குமாரசாமி ஒவ்வொரு வீட்டிலும் ஆள் எத்தனை என்று கேட்டு மறுபடியும் அளந்தான். பெரியநாயகிக்கு ஆறு படி, கமலாட்சிக்கு ஒன்று. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, நல்லது செய்கிற நினைப்பில் கேட்டான்.

"ஒருத்தருக்காக எதுக்குமா தனியா ஒரு எண்ணு? ரெண்டுலயே சேத்துடட்டுமா?"

"வேணாம்பா, நாலு அப்படியே இருக்கட்டும்" என்றாள் கமலாட்சி. "அவரு செத்துட்டாருன்னு யாரும் வந்து சொல்லலையே."