பதினேழு என்று சொன்னது யார்?

பிரியமானவர்களே, போன ஜூலையில் என் மகன் ஜெயராஜ் மாரடைப்பில் இறந்தான். வீட்டில் நான்கு தட்டு மூன்றாயிற்று. நானும் மருமகளும் அழுதோம். பேத்தி ஜெனி அழவில்லை. எங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை.

ஜனவரியில் பள்ளி மாணவர் படையோடு சிறுமலைக்கு நடைபயணம் போகிறேன் என்றாள். பாம்பு, சறுக்கல், தண்ணீர் என்று ஒன்பது காரணம் சொல்லித் தடுத்தேன். "போயிட்டு வாரேன் தாத்தா" என்று கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் ஆசிரியர் போன் செய்தார். "ஐயா, ஜெனியைக் காணோம். தேடிக்கிட்டிருக்கோம்."

மலை பஸ் ஏறினேன். எதையும் எண்ணியே பழகிய எனக்கு ஏழாவது வளைவுக்கு மேல் எண்ண வரவில்லை. "ஆண்டவரே, மகனை என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டீர். இவளை உம்மிடம் கேட்டு நிற்கிறேன், கொடுத்துவிடும்." வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

மேலே பிள்ளைகள் கூடியிருந்த இடத்தில் ஜெனியின் தோழி கவிதா என் கையைப் பிடித்து அழுதாள். நிற்கும் இடமெல்லாம் வரிசையாக எண் சொல்வது அவர்கள் வழக்கம். ஜெனி பதினேழு. "நான்தான் தாத்தா அவ நம்பரையும் சேத்துச் சொன்னேன். பொதருக்குப் பின்னாடி ஒதுங்கியிருக்கான்னு பசங்க முன்னாடி எப்படிச் சொல்றது? ஓடி வந்து சேந்துக்குவான்னு நெனச்சேன்." எண்ணிக்கை சரியாக இருந்ததால் வரிசை நகர்ந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில்தான் தெரிந்திருக்கிறது.

அந்தப் பிள்ளையைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளோடு சேர்ந்து முழங்காலிட்டேன்.

வந்த வழியில் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியும்படி நின்று மாணவர்கள் தேடினார்கள். வெயில் சாயும் நேரம் பள்ளத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. வழி தவறினால் நகராமல் உட்கார்ந்து விசில் ஊது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். வரிசையைப் பிடிக்க ஓடியதில் சறுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மூங்கில் கழிகளைச் சட்டைகளுக்குள் நுழைத்து, ஸ்ட்ரெச்சர் போலாக்கி, அவளைப் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள். "அரிசி மூட்டை மாதிரி கனக்குறா தாத்தா!" என்றான் ஒருவன்.

"ஏலே, கீழ போட்றாதடா!" என்று அதட்டினாள் ஜெனி. என்னைக் கண்டதும் குரல் உடைந்தது.

"திட்டாதீங்க தாத்தா. அங்க தனியா இருந்தப்ப அப்பாவ நெனச்சு சத்தம் போட்டு அழுதேன். வீட்ல அழுதா நீங்களும் அம்மாவும் ஒடஞ்சு போயிருவீங்கன்னு அம்புட்டையும் அடக்கி வச்சிருந்தேன்."

எங்களைத் தாங்குவதற்காக ஒரு குழந்தை ஆறு மாதம் அழாமல் இருந்திருக்கிறாள். நான் உயிரைத்தான் கேட்டேன். கர்த்தர் அவளுடைய கண்ணீரையும் சேர்த்துத் திருப்பித் தந்தார்.

இப்போது குடும்ப ஜெபத்தில் மூன்று பேரும் ஜெயராஜின் பேரைச் சொல்லி அழுகிறோம். வலி குறையவில்லை. ஆனால் யாரும் ஒளிந்து அழுவதில்லை. ஜெனி அடுத்த மலைக்கும் போகப்போகிறாள். பயந்துகொண்டேதான் அனுப்புவேன்.

உங்கள் வீட்டில் அழாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். பேச வார்த்தை வராவிட்டால், அழுதுகொண்டே ஆண்டவரைக் கூப்பிடுங்கள். எனக்குச் செவிகொடுத்தவர் உங்களுக்கும் செவிகொடுப்பார்.