அட்டையில்லாத புத்தகம் பற்றி என் கருத்து

என் கையெழுத்து மோசம். ஒற்று எங்கே வரவேண்டும், எங்கே வரக்கூடாது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்கமாட்டேன்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இப்போது என்ன படிக்கிறோம், அது எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள். நான் கடைசி வரிசை. என் முறை வருகிற நேரம் பார்த்து டீ எடுக்க எழுந்து போய்விடுவேன். போன கூட்டத்தில் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "நீங்க வந்து கேட்டாலே போதும். கருத்தெல்லாம் சொல்லணும்னு இல்ல" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் உறுத்துகிறது. ஆட்டோவுக்கு சீட் தைக்கிறவனுக்கும் கருத்து உண்டு. வாயால் சொல்ல வராது, எழுதித் தருகிறேன்.

நான் இப்போது படிப்பது ஒரு பழைய நாவல். பெயர் தெரியாது. அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை, அதனால் எழுதியவர் யார் என்றும் தெரியாது. ஒரு முறை முடித்துவிட்டு மறுபடியும் படிக்கிறேன். இந்தப் புத்தகத்தை அத்தையோடு போய் மைசூர் தேவராஜ மொஹல்லாவில் ஒரு பழைய பேப்பர் கடையில் வாங்கியபோது எனக்குப் பத்து வயது.

அத்தை என் அப்பாவின் தங்கை. அந்த வருஷம்தான் கல்யாணமாகி அரசிக்கெரெக்குப் போயிருந்தாள். புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்து வருவது வழக்கம், அவளும் வந்தாள். ஆடி முடிந்தது, ஆவணி முடிந்தது, கொலுவும் வைத்தாகிவிட்டது. அத்தை போகவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, தசரா பார்த்துவிட்டுப் போவாள் என்று சொல்லிவந்தாள். நானும் அத்தை யானை பார்க்கத்தான் இருக்கிறாள் என்று நம்பினேன்.

மாமாவும் தமிழ்தான். ஆனால் படித்தது முழுக்கக் கன்னடப் பள்ளி. தமிழில் ஒரு எழுத்து தெரியாது. பெண்டாட்டி தனக்குப் புரியாத எதையோ வைத்துக்கொண்டு படிப்பதும், படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவளுடைய புத்தகங்களை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். இதற்காகவா ஒருத்தி திரும்பிப் போகமாட்டேன் என்பாள் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு அது போதுமான காரணமாகத் தெரிந்தது. இன்றும் தெரிகிறது. வேறு காரணங்களும் இருந்திருக்கும். அவை கதவைச் சாத்திக்கொண்டு பேசப்பட்டன.

வீட்டில் எதையும் முடிவு செய்வது பெரியப்பாதான். விஜயதசமி நல்ல நாள், மாமாவை வரச்சொல்லி அன்று சாயங்கால வண்டியிலேயே அத்தையை அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். அத்தையின் டிரங்குப் பெட்டியை முதல் நாளே அம்மா அடுக்கிவைத்தாள்.

அந்த நாட்களில் அத்தை மத்தியானங்களில் அட்டையில்லாத புத்தகத்தை எனக்குப் படித்துக் காட்டுவாள். கதையிலும் ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு வந்துவிடுகிறாள். அவளை மறுபடி அனுப்ப, அண்ணன்மார்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகிறார்கள். அந்த இடத்தில் சரஸ்வதி பூஜை வந்து, புத்தகம் பூஜையில் போய் உட்கார்ந்துவிட்டது.

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் விஜயதசமி காலையில் எடுத்து நாலு வரி படிக்கவேண்டும். இது எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் பெரியப்பா இரண்டு சட்டம் கூடுதலாகப் போட்டிருந்தார். ஒன்று, படித்தவர் அதைப் பற்றித் தன் கருத்தைச் சொல்லவேண்டும். இரண்டு, அன்று வாயில் வருகிற வரி சரஸ்வதியின் வாக்கு, அந்த வருஷம் அதன்படியே நடக்கும். பெரியப்பாவுக்கு ஒவ்வொரு வருஷமும் புராணத்தில் செல்வமும் கீர்த்தியும் சேர்கிற வரியே வரும். அந்தப் பக்கத்தில் ஒரு வில்வ இலை எப்போதும் இருக்கும்.

மாமா காலை வண்டியில் வந்தார். மைசூருக்கே மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். பெரியப்பா தன் கீர்த்தியைப் படித்தார். அடுத்து நான். பாடப் புத்தகத்தில் கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தேன். மண்புழு உழவனின் நண்பன் என்று இருந்தது. அதையே எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கிப் படித்தேன். "இந்த வருஷம் இவனுக்கு மண்புழு யோகம்டா" என்றார் பெரியப்பா. மாமா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். நிதானமாக, கணீரென்று படித்தாள்.

"வண்டி வந்து நின்றது. அவள் ஏறவில்லை. வண்டி போனபின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். திரும்பிப் போ என்று அதன்பிறகு அவளிடம் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிவைச் சொல்லிவிட்டாளே! ஸ்டேஷனில் என்ன ஆகும் என்று இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தவன் நான்.

பழக்க தோஷத்தில் பெரியப்பா, "உன் கருத்து?" என்று கேட்டுவிட்டார்.

"நல்ல முடிவு அண்ணா. நானும் ஏறப்போறதில்ல."

மாமா எழுந்து அவள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினார். அந்தப் பக்கத்தையே பார்த்தார். அவருக்கு அது வெறும் கோடும் சுழியும்தான். புத்தகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஹௌதேனோ? நிஜந்தானாடா? அவ சொன்ன மாதிரியே எழுதியிருக்கா? நீ படிச்சுச் சொல்லு."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விரல் வைத்துத் தேடினேன். வண்டி இருந்தது. ஏறவில்லை என்பதைக் காணோம். பெட்டியும் இல்லை. அவள் படித்ததில் வராத கண்ணீர், கால், மன்னிப்பு என்று என்னென்னவோ இருந்தது. மேலிருந்து மறுபடி தேடினேன். மண்புழுவுக்குச் சிரித்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படிக்கத் தெரியவில்லை என்று இன்னொரு முறை அவர்கள் முன்னால் நிற்க என்னால் முடியாது.

"எழுதியிருக்கு மாமா" என்றேன்.

பெரியப்பா கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார். என்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மூடி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜையில் திரும்ப வைத்தார்.

"பையன் சொல்றது சரிதான்" என்றார். "இன்னிக்கு வந்த வாக்கை நான் மீறமாட்டேன், மாப்பிள்ளை."

மாமா சாப்பிடாமல் கிளம்பினார். அம்மா பெட்டியிலிருந்த புடவைகளை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தாள். எனக்கு ஊர்வலத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு திண்ணையில் ஏறி நின்று யானை பார்த்தேன். ஆனால் அந்த வருஷம் யானை மனதில் நிற்கவில்லை. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த வரி என் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. எனக்குப் படிப்பு வராது என்பது அன்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த வருஷம் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது முடிந்ததும் நின்றுவிட்டேன். இதனால்தான் நின்றேன் என்று சொல்லமாட்டேன். நின்றபோது ஆச்சரியப்படவில்லை, அவ்வளவுதான்.

அத்தை திரும்பிப் போகவேயில்லை. ஊதுபத்தி கம்பெனியில் வேலை பார்த்தாள். இப்போது நஞ்சன்கூட்டில் தனி வீட்டில் இருக்கிறாள், அலமாரி நிறையப் புத்தகம். போன சரஸ்வதி பூஜைக்குப் போனபோது அட்டையில்லாத புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். "இப்பவாவது நீயே படி. படிச்சுட்டு உன் கருத்தைச் சொல்லு" என்றாள்.

சொல்கிறேன். ஸ்டேஷன் வரைக்கும் நல்ல புத்தகம். முடிவு தப்பு. கடைசிப் பக்கத்தில் வண்டி வருகிறது, அவள் ஏறுகிறாள், போய்ப் புருஷன் காலில் விழுந்து கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்கிறாள். எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, அவருக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. அத்தை சொன்னதுதான் முடிவு. கல்லூரிப் பெரியவர் இதை மறுத்தால் அடுத்த கூட்டத்தில் டீ எடுக்கப் போகாமல் உட்கார்ந்து கேட்கிறேன்.

அந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லை. அத்தைக்குத் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரியும். அன்று அந்தக் கூடத்தில் விரல் வைத்துத் தேடிய பையன் ஒரு எழுத்து பிசகாமல் சரியாகத்தான் படித்தான். அது அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

மைசூரு,
9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை