ஐம்பத்தாறு வயதில் ஓர் ‘எல்’ பலகை

போன வாரம் சிம்பாங் ரெங்கம் சிக்னல் விளக்கில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ‘எல்’ பலகை மாட்டிய ஒரு பயிற்சிக் கார். பச்சை விழுந்தும் அது நகரவில்லை. குலுங்கிக் குலுங்கி அணைந்தது. பின்னாலிருந்து ஹாரன் சத்தம். பாதி இறக்கிய கண்ணாடி வழியே கிளட்ச் கருகும் வாடை வந்து மூக்கில் ஏறியதும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. காரில் நான் ஒருத்திதான். ஆனாலும் யாரோ பார்ப்பதுபோல் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டேன். அந்த வாடைக்கும் என் மானத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. உங்களிடம் சொல்வதற்கென்ன.

பத்து பாகாட்டில் ஒரு துணி ஆலையில் சட்டைக் காலர் தைத்தே என் வயது போனது. வேலை நின்றதும் முதல் சில மாதம் சுகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மதியம், தொலைக்காட்சித் தொடரில் வந்த மாமியாருக்கு நானே வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். பயந்துவிட்டேன். கடைசியாக நான் புதிதாகக் கற்றுக்கொண்டது எது என்று யோசித்துப் பார்த்தால், பட்டன் துளை போடும் மெஷின். அப்போது என் மகன் இடுப்பில் இருந்தான். இப்போது அவனுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் செடெனாக் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தே போனவள் நான். போதாததற்குக் கார் நகர்ந்ததும் தூங்கிவிடுவேன். ஒரு தடவையாவது வலப்பக்கம் உட்கார்ந்து பார்க்கலாமே என்ற ஆசை.

சொன்னதும் மகன் சிரித்தான். “எதுக்குமா? ஃபோன அமுக்குனா வீட்டு வாசல்ல கார் வருது.” அவரோ பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, “ம்” என்றார். அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளி வேனில் ஏறிய முதல் நாளே இறங்கி ஓடிவிடலாம்போல் இருந்தது. உள்ளே எல்லாம் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள். “ஆன்ட்டி, யாரக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?” என்று ஒரு பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். “நான்தான்மா படிக்கப் போறேன்” என்றேன். எல்லாரும் சட்டென்று ஃபோனில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். அதைவிட அவர்கள் சிரித்திருக்கலாம்.

சொல்லிக்கொடுத்த ஆய்டாவுக்கு என் மகளாக இருக்கும் வயது. நான் அவளை ‘சிக்கு’, அதாவது டீச்சர், என்று கூப்பிட வேண்டும். அவள் என்னை ‘மக்சிக்’ என்பாள். பெரியம்மா மாதிரி. “மக்சிக், ரிலேக்ஸ் லா. கார் கடிக்காது” என்று மலாயில் சொல்வாள். கார் கடிக்கவில்லை, கிளட்ச்தான் கருகியது. பாதி கிளட்ச் என்ற அந்தச் சங்கதி என் இடது காலுக்கு ஏறவே இல்லை. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். தையல் மெஷினை வருடக்கணக்காக மிதித்த கால் இது என்று ஆய்டாவிடம் பெருமையடித்ததை நினைத்தால் இன்றும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பரீட்சை நாளில் மேடு ஏறினேன். கோட்டில் நிறுத்தினேன். கைப்பிரேக்கை விடுவித்ததும் கார் மெல்லப் பின்னால் நழுவியது. பதறிப்போய் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு “ஐயோ, முருகா!” என்று கத்தினேன். ஜன்னல் திறந்திருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டது. அடிவாரத்தில் இருந்த பிளாஸ்டிக் கூம்பு ஒன்று காருக்கு அடியில் போய் நொறுங்கியது. பரீட்சை அதிகாரி வந்து, “இறங்குங்க மக்சிக்” என்றார். இறங்கித் திரும்பினால், வேலிக்கு வெளியே பெற்றோர்கள் கூட்டத்தில் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு மணியத்தின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். மணியம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

வீடு திரும்பினோம். என்னால் அவருக்குத் தலைகுனிவு என்றே நினைத்தேன். சமையலறைக்குள்ளேயே கிடந்தேன். கடைசியில் சோறு போடும்போது தாங்க முடியாமல் கேட்டேன்.

“ஏங்க, நான் பெயிலானா உங்களுக்கு அவ்ளோ அசிங்கமா இருக்கா?”

“நீ பெயிலானதுக்கு யாரு கவலப்பட்டா?”

“அப்புறம்?”

சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். “லாரிக்காரன் பொண்டாட்டி எதுக்கு லைசென்ஸ் எடுக்குறான்னு மணியம் கேட்டான். அவனுக்குக் கண்ணு போச்சா என்னன்னு கேட்டுச் சிரிச்சான். நானும் சிரிச்சேன்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நெசமாவே கண்ணு போயிட்டிருக்கு. இனிப்பு நீர், சர்க்கரை ஏறிப்போச்சு. இடது கண்ணுல நெழல் மாதிரி நிக்குது. ஆஸ்பத்திரியில வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க.”

மாதக்கணக்காக முதுகு வலி என்று சொல்லி அவர் வீட்டுக் காரைத் தொடாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்ததும். எனக்கு ஒரு புது ஆசை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது அவர் மூடி வைத்திருந்ததை அம்பலமாக்கிக்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு வெட்கத்தை வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறோம்.

“நான் நிறுத்திடறேங்க” என்றேன்.

“நிறுத்துனா என்னை யாரு கூட்டிட்டுப் போறது?” என்று சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

அடுத்த பரீட்சையிலும் கத்தினேன். ஆனால் கார் மேலே போனது. ஆய்டா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

முதல் நாள் அவரை ஏற்றிக்கொண்டு பழைய பாதையில் பத்து பாகாட் போனேன். அவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வெட்கம் போகவில்லை, இரண்டு பேருமே நேராகப் பார்த்தபடி இருந்தோம். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததும் அவருக்குத்தான் கோபம். “போடா, புதுசா ஓட்டுறாங்க தெரியல?” என்று கத்தினார்.

பிறகு கேட்க ஆரம்பித்தார். “இந்தப் பக்கம் சீனங்கடை ஒண்ணு இருக்குமே, இருக்கா?” இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது என்றேன். “தோட்டத்து ஆபீஸு?” இடித்துவிட்டார்கள், வீடுகள் கட்டுகிறார்கள் என்றேன். என்ன கலர் கூரை, எத்தனை மாடி என்றெல்லாம் கேட்பார். அத்தனை வருடம் அந்தப் பாதையில் தூங்கியபடியே போனவள் அப்போதுதான் அதைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவருக்குச் சொல்ல வேண்டுமே என்று பார்த்தேன்.

அந்தப் பயிற்சி மைதானம் இன்று கிடங்காகிவிட்டது. ஆய்டா கல்யாணமாகி எங்கோ போய்விட்டாள். மணியம் மகனோடு சிங்கப்பூர்ப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் கண்மூடி ஆறேழு வருடமாகிறது. போன மாதம் அந்தச் சீனங்கடையையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் செம்மண் குவியலும் ஒரு மஞ்சள் இயந்திரமும் நின்றன. காரை ஓரங்கட்டி, “கடையும் போச்சுங்க” என்றேன், சத்தமாகவே. சாலையோரம் நின்றிருந்த வேலையாள் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.