பிரேக் பேடில் வைத்த பொட்டு

நான் குடியிருக்கும் நெதர்லாந்தில் சாலையில் ஒரு மேடு வேண்டுமென்றால் மனிதர்தான் கட்டிவைக்க வேண்டும். வேகத்தடையை டிரெம்பெல் என்கிறார்கள். மற்றபடி கண்ணுக்கு எட்டின மட்டும் தட்டை. ஏற்காட்டு மலைப்பாதையில் வளர்ந்த எனக்கு, பஸ் எங்கேயும் திணறாமல் போவதே என்னமோ போல் இருந்தது.

ஏற்காட்டு மலைமேல் கொட்டச்சேட்டில் இருக்கும் என் தம்பி செல்வராசு பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, இஞ்சினை இன்னும் முடுக்கி வைத்திருந்தான். அதில்தான் தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய்வருவான். "ஏறுறப்ப நொம்ப நல்லா ஏறுதுங்ணா. எறங்கறப்பதான் அடிவாரம் வர்றதுக்குள்ள பிரேக்கு கருகற வாசம் வருது. ஷாக் அப்சார்பரும் ஒழுகுது. பிரேக் பேடும் ஷாக்கும் அங்க நல்லதாப் பாத்து அனுப்புங்ணா" என்றான். ஓட்டலில் சமைக்கிறவன் நான், எனக்கு இதில் என்ன தெரியும்? முருகனை வேண்டிக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பீட்டர், "சாலைக்கா, பந்தயத்துக்கா?" என்று கேட்டார். "மலைக்கு" என்றேன். "ஓ, மலைப் பந்தயமா?" "இல்லை, ஆபீசுக்கு." அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு பொறுமையாகச் சொன்னார். பந்தய பேட் சூடானால்தான் பிடிக்கும்; பனி மூடிய காலையில் முதல் வளைவிலேயே கைவிட்டுவிடும். குளிரிலும் பிடித்து, சூட்டையும் தாங்குகிற பேட்தான் தம்பிக்கு வேண்டும். ஷாக்கும் ரொம்ப விறைப்பாக வேண்டாம். குழியில் டயர் துள்ளினால் எந்த பிரேக்கும் உதவாது. கடைசியாக, பேடின் உரசும் முகத்தைக் கையால்கூடத் தொடக் கூடாது, எண்ணெய் ஆகவே ஆகாது, பட்டால் பிரேக் பிடிக்காது என்றார். எல்லாவற்றையும் தம்பிக்குச் சொன்ன நான் இதை மட்டும் சொல்லவில்லை. பிரேக்கில் யார் எண்ணெய் விடப்போகிறார்கள்?

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று தம்பி மனைவி கோகிலாவிடம், "பொட்டு வெச்சுக் கும்பிட்டுட்டு மாட்டச் சொல்லு அம்மிணி" என்றேன். "நீங்க சொல்லோணுங்களா மாமா? நம்மூட்டுக்கு எது வந்தாலும் செய்யறதுதானுங்களே" என்றாள். விளக்கிலிருந்த நல்லெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து, ஒவ்வொரு பேடின் முகத்திலும் மூன்று விரலால் இழுத்திருக்கிறாள். மெக்கானிக் துணியால் துடைத்துவிட்டு மாட்டினார். முதல் இறக்கத்திலேயே, ஒரு வளைவில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துப்போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. தம்பி பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கழற்றிய பேடை மெக்கானிக் படமெடுத்து எனக்கு அனுப்பினார். விபத்தைச் சொல்லி அதைப் பீட்டரிடம் காட்டினேன். சிவந்த கறையைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எண்ணெய். எப்படி வந்தது?" "வீட்டில் சாமி கும்பிட்டார்கள்" என்றேன். "விபத்துக்குப் பிறகா? பாவம்" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கோகிலா போனில் கேட்டாள்: "பேடுல பொட்டு வெச்சதுல ஏதாச்சும் ஆயிருக்குமுங்களா மாமா? மெக்கானிக்கு வாயே தொறக்கமாட்டேங்கறாருங்க."

"ரோடு ஈரம் அம்மிணி. வேறொண்ணுமில்ல."

எண்ணெய் ஆகாது என்று பீட்டர் முன்பே எச்சரித்ததையும் அவளிடம் சொல்லவில்லை. காலையில் விளக்கேற்றுகிறேன். தம்பியின் காலுக்காக வேண்ட வாய் வருவதில்லை.

நேற்று உடன் வேலை செய்பவர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நேரான சாலை, இருபுறமும் வாய்க்கால். பக்கத்து இருக்கையில் என் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டே இருந்தது. "பயப்படாதே, இங்கே சரிவே கிடையாது" என்றார். என்னால் காலை எடுக்க முடியவில்லை. அங்கே மலைப்பாதையில் தம்பியின் வண்டி எனக்கு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.