முன்கூரையில் பூட்டிய சோலார்

கலஹாப் பக்கம் யாருக்கும் வேண்டாத கல்லு நிலத்தில் வீடு கட்டியவன் நான். தேயிலைத் தோட்டத்தில், லயத்து ஒற்றைக் காம்பராவில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மாட்டுக்கொட்டில் என் கையால் போட்டது. அதற்கு இறங்கும் படி நான் வெட்டியது. கிணற்றில் பாறை வந்தபோது, "இதோட விட்டுருங்க" என்று கூலிக்கு வந்தவர்களே போய்விட்டார்கள். நான் விடவில்லை. உளியும் சுத்தியலுமாக ஏழு மாதம். எங்கள் தெருவில் வெயில் காலத்திலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான்.

இவ்வளவும் செய்தவனுக்கு ஒரு சோலார் தகட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் போனது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான்கு பசு, இரண்டு கன்று. அவற்றின் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற முதலில் மண்ணெண்ணெய் பம்ப் வைத்திருந்தேன். எண்ணெய்க்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் அது சும்மா கிடந்தது. கரண்ட் இழுக்கலாம் என்றால், காற்றுக்கு ஒரு மரம் விழுந்தால் இரண்டு நாள் வராது. ஆகவே சோலார் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி. இன்றும் சொல்வேன்.

பூட்ட வந்தவர் கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவர். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயா, கொட்டிலுக்குப் பின்னால அந்த மேட்டுல வெப்போம். வீட்டு முன்கூரைக்கு வர்ற வெயில காலையில மலை மறைக்குது, பின்னேரம் சவுக்கு மரம் மறைக்குது" என்றார்.

"பின்னால வெச்சா யாரு கண்ணுல படும்?"

"மாட்டுக்குத் தண்ணி வந்தாப் போதும்தானே ஐயா."

நான் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்த முன்கூரையில் பூட்ட வைத்தேன். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

விடியும்போது பால் கேனோடு போய், எட்டு மணிக்குத் திரும்புவேன். தொட்டி தளும்பும். முந்தின நாள் பம்ப் ஏற்றிய தண்ணீர் என்று நினைத்தேன். பம்ப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒருநாளும் நின்று பார்க்கவில்லை. சூரியனே என் மாட்டுக்குத் தண்ணீர் இறைக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னேன்.

ஒருநாள் பால் ஊற்றுகிற இடத்தில் சோலாரைப் பற்றிப் பேச்சு வந்து, அதைக் காட்ட, பக்கத்து வீட்டுக்காரரையும் இன்னும் இரண்டு பேரையும் எட்டு மணிக்கு முன்பே கையோடு கூட்டி வந்தேன். கிணற்றடியில் என் மனைவி கயிறு பிடித்து நின்றாள். உள்ளங்கையில் பழந்துணி சுற்றியிருந்தது. காலடியில் மூன்று வாளி.

"இன்னைக்கு மட்டும் மோட்டார் ஓடலைங்க" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "பொய் சொல்லாதீங்க மதினி. தெனமும் கப்பிச் சத்தத்துலதான் நான் எந்திரிக்கிறேன். அண்ணே, ஒங்க சூரியன் சேலை கட்டிக்கிட்டுல்ல வருது."

மற்ற இருவரும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

அவர்கள் போனபின், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்புடிங்க சொல்றது? ரோட்டுல போறவங்கள எல்லாம் நிப்பாட்டிக் காட்டுறீங்க. மாடு வெறுந்தொட்டிய நக்கிக்கிட்டு நிக்குது. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

துணியை அவிழ்க்கச் சொன்னேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். தகடு பூட்டிய இந்த ஐந்து மாதமும் அந்தக் கையால்தான் சோறு போட்டிருக்கிறாள். நான் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு மிச்ச வாளிகளை நான் இறைத்தேன். எட்டாவது வாளியில் உள்ளங்கை எரிந்தது. அவளிடம் சொல்லவில்லை.

இப்போது தகடு பின்மேட்டில் இருக்கிறது, தொட்டி மத்தியானத்துக்குள் நிறைகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளைகள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்: அம்மா இறைத்தார், அப்பா பீற்றிக்கொண்டார் என்று. உண்மைதான். ஒரு வார்த்தை குறைக்க வேண்டாம். ஆனால் மறுநாளே ஏணி வைத்து, பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அதைக் கழற்றி இறக்கியவன் நான். தோளில் வைத்து மேட்டுக்குச் சுமந்ததும் நான்தான். அதை ஒருவரும் சொல்வதில்லை. இனிமேல் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.