ஈரப் போர்வையும் மூன்று பேர் இசைக்குழுவும்

மாடி அறைக்குக் குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தேர்வுக்குப் படிக்க விடாமல் தரை அதிர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கீழே இறங்கினேன். அங்கே வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடையில் மூன்று பேர் ராக் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸில் கடைக்காரர். எந்த மெஷினைக் கொண்டுபோனாலும் முதலில் 'பெல்ட் போயிருக்கும்' என்பாராம். அதனால் தெருவுக்கே அவர் பெல்ட் அண்ணன். பாடியவர் அவருடைய தங்கை கணவர். கிதார், பக்கத்துக் கடைத் தையல்காரர்.

"படிக்கிற புள்ளையா? உக்காரு தம்பி. ஒரு பாட்டு கேட்டுட்டுத் திட்டு" என்றார் அண்ணன்.

சலவையில் ஜோடியைத் தொலைத்த காலுறையின் புலம்பல் அந்தப் பாட்டு. திட்ட வந்ததை மறந்துவிட்டேன்.

அண்ணன் வாசித்தால் தாளம் முன்னால் ஓடிவிடும். அதற்கு அவரே மருந்து கண்டுபிடித்திருந்தார். மூலையில் இருந்த பழைய மெஷினில் ஈரப் போர்வையைப் போட்டுச் சுற்றவிடுவார். சுற்றுக்கு ஒரு 'தொப்'. அதைப் பிடித்துக்கொண்டுதான் மூவரும் வாசிப்பார்கள். நாலு நிமிடத்தில் மெஷின் சூடேறித் தொய்யும். பாட்டும் கூடவே தொய்ந்து முடியும். ஊரார் மெஷினையெல்லாம் சரிசெய்தவர் அதில் மட்டும் கைவைக்கவில்லை. ஆறு வருடப் பழக்கத்தில், மெஷின் இல்லாத மேடையிலும் அதே தாளம்தான். பாட்டு மெதுவாவது அவர்கள் காதில் விழவே இல்லை.

கல்லூரிகளில் பாடப் பாட, காலுறைப் பாட்டு போன் போனாகப் பரவியது. ஓர் ஒலிப்பதிவுக்கூடம் ஆல்பம் போடக் கூப்பிட்டது. அங்கே முதல் பாட்டு முடிந்ததுமே ஒலிப்பதிவாளர், கடைசியில் ஏன் இப்படி இழுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாக் கண்ணும் டிரம்ஸ் பக்கம் திரும்பியது. டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒலிப்பதிவாளர். தங்கை கணவர் தரையைப் பார்த்தபடி, "மச்சான், இந்த ஒரு ஆல்பம் மட்டும்..." என்று இழுத்தார்.

"சரி மாப்ள. எனக்கும் ரெண்டு மெஷின் டெலிவரி இருக்கு" என்று அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

அன்று கடையில் ஒரே திருகை நாலு தடவை கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "குழுவ ஆரம்பிச்சதே நான்தான் தம்பி" என்றார்.

மூன்றாம் நாள் இருவரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். கம்ப்யூட்டர் தாளம் கடைசிவரை ஒரே சீராக ஓடியதாம். நாலாவது நிமிடம் நெருங்கினால் இவர்கள்தான் பின்தங்கிவிட்டார்களாம். பதினோரு தடவை வாசித்தும் அதே கதை. மூன்று பேருக்கும் ஒரே வியாதி, ஒருவரை மட்டும் வெளியே அனுப்பி என்ன பயன் என்று ஒலிப்பதிவாளர் கைவிரித்துவிட்டாராம்.

"கோளாறு உங்ககிட்ட மட்டும் இல்ல மச்சான். எங்க உடம்புலயும் ஏறிடுச்சு. வாங்க" என்றார் தங்கை கணவர்.

"மூணு நாளா என்னைப் பத்தி என்ன பேசினீங்க?"

"உள்ளதச் சொன்னா, நல்லதா ஒண்ணும் பேசல" என்றார் தையல்காரர்.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

ஆல்பம் அந்த இழுவையோடேயே வந்தது. கேட்டவர்கள் அதை இவர்களுடைய பாணி என்கிறார்கள். இப்போது அண்ணன் வாரத்தில் நாலு நாள் கடையில் இருக்கிறார், மற்ற நாட்களில் வெளியூர்க் கச்சேரி. இரண்டாவது ஆல்பத்துக்கான ஒப்பந்தத்தில் டிரம்ஸ் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. வரிவரியாக அதைப் படித்துச் சொன்னவன் நான்.