அப்பா காலில் ஒட்டாத காந்தம்

உங்கள் அப்பாவின் காலில் யாராவது காந்தம் வைத்துப் பார்த்திருக்கிறார்களா? என் அப்பா காலில் வைத்தார்கள். பட்டப்பகலில், எங்கள் வீட்டு ஹாலில், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது.

திண்டிவனம் பைபாஸைக் கடக்கும்போது ஒரு வேன் அப்பாவின் பைக்கை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: எலும்பு கூடும்வரை அந்தக் காலை ஊன்றக் கூடாது. நடக்க இரண்டு அலுமினிய ஊன்றுகோல் வாங்கிக்கொண்டோம்.

அப்பாவுக்கு அவற்றைப் பார்த்தாலே எரிச்சல். சுண்டுவிரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு. அதுதான் அவருக்குப் பிரச்சினை. எங்கள் வீட்டில் கனமாக இருந்தால்தான் பொருள். அம்மாவின் சீர் எவர்சில்வர் எல்லாம் மேல்தட்டில் பளபளக்கும். அலுமினியக் குண்டான் மாட்டுத் தண்ணீருக்கு.

நான் மெக்கானிக்கல் முடித்தவன். வேலை கிடைக்கவில்லை, அதை விடுங்கள். அலுமினியத்தின் எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனாலும் குழாயாகச் செய்தால் ஒரு ஆளைத் தாங்கும். இதைச் சொன்னால் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

ஒருநாள் அப்பாவின் கூட்டாளி வந்தார். காயலான் கடை வைத்திருக்கிறார், எனக்கு மாமா முறை. எது இரும்பு, எது இல்லை என்று பிரிக்கச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பார்.

"இன்னா மச்சான், உள்ள இன்னா வெச்சிகிறான்? தகரத்த கிகரத்த வெச்சி தெச்சிட்டானா?"

"நீயே பாத்துக்க" என்று அப்பா லுங்கியைத் தூக்கினார்.

மாமா தழும்பின் மேல் காந்தத்தை வைத்துக் கையை எடுத்தார். கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"ஒட்டலயே! ஒரிஜினல் எவர்சில்வரு மச்சான். தங்கச்சி சீர் கொடத்த விட கெட்டி. இதுமேல லாரியே ஏறும்."

"எங்கப்பன் குடுத்த கொடத்த ஏன்ணா இழுக்கிற?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. எல்லோரும் சிரித்தோம்.

"அலுமினியத்துலயும்தான் காந்தம் ஒட்டாது மாமா" என்றேன். "நல்ல ஸ்டீலுதான், யாரு இல்லன்னா? எலும்பு கூடாம நடந்தா ஒவ்வொரு அடிக்கும் பிளேட்டு வளையும். கம்பிய இப்டி அப்டி வளச்சிகினே இருந்தா ஒரு எடத்துல பட்டுனு வுட்டுடுதுல்ல? அதான் இதுவும்."

"பார்றா, அலுமினியத்துக்கு வக்கீலு!" என்றார் மாமா.

"இவன் படிச்சது மிசினு. இது என் காலு" என்றார் அப்பா. வேர்க்கடலை பறிக்கிற நேரம் அது. "கொல்லில மல்லாட்ட புடுங்காம கெடக்குது. இவன் கம்பி வளச்சிகினு உக்காந்துகினு கீறான்."

அன்று சாயந்திரமே ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டார். முதலில் பாத்ரூம் வரைக்கும். பிறகு தெருமுனை. பிறகு வயலுக்கே, கொல்லிக்கே போய்விட்டார். அம்மா கத்தினாள், அழுதாள், சோறு போடமாட்டேன் என்றாள். சாயந்திரமானால் கால் வீங்கியிருக்கும். "வலிக்குதாப்பா?" என்று கேட்டால், "ஸ்டீலு எங்கடா வலிக்கும்?" என்பார்.

பறித்த மல்லாட்டையை மூடிய தார்ப்பாய்க்கு ஒரு ஊன்றுகோலை முட்டுக் கொடுத்தார். காற்றும் மழையுமாக அடித்தது. அது வளையவுமில்லை, துருப்பிடிக்கவுமில்லை.

போன வாரம், கொல்லியில் சும்மா நின்றுகொண்டிருந்தார். விழவில்லை, தடுக்கவில்லை. திரும்பினார், அவ்வளவுதான். டக்கென்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது. முட்டி இல்லாத இடத்தில் கால் மடங்கியது.

எக்ஸ்ரேயில் எலும்பைவிட ஸ்டீல் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைக்கு நடுவே, ஒரு ஸ்க்ரூ ஓட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கறுப்பாக ஒரு கோடு. பழைய இடத்தில் எலும்பு கூடவே இல்லை.

"சார், அது டூப்ளிகேட் ஸ்டீலுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"நல்ல ஸ்டீல்தாங்க. எலும்பு கூடுறவரைக்கும் புடிச்சிருக்கத்தான் அது. நடக்கறதுக்கு இல்ல" என்றார் டாக்டர். "ஒடஞ்சத எடுத்துட்டு வேற வெக்கணும். இந்த தடவையாவது கூடுமான்னு என்னால சொல்ல முடியாது."

மாமா போன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பா எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போது அப்பா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறார். பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு ஊன்றுகோல் மட்டும் இருக்கிறது. இன்னொன்று கொல்லியில் தார்ப்பாயைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது.